பாதியில் நிற்கட்டும்



கொலுவும் ஆயுத பூஜையும் நெருங்கி வருகின்றன. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யக்கூடிய கைவேலைகளைப் பத்திரிகைகள் வெளியிடும் காலம் இது. இந்த இதழிலும் சில இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தபோது ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பாதையில் குடியிருக்கும் குடும்பங்களை முதலில் நினைத்துக்கொண்டோம்.

கைவேலைப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொண்டுதான் எழுதப்படுகின்றன. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் இருப்பார்கள். பொருள்களைப் பரப்பி வைக்கப் பெரிய மேசை இருக்கும். கலர் பேப்பர், ஜிகினா, பசை எல்லாம் டப்பாவில் தயாராக இருக்கும். அப்பா அம்மா இருவருமே ஷிஃப்டுக்குப் போகிற வீட்டில் இதற்கெல்லாம் இடம் ஏது? அம்மா காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது அப்பா அடுத்த ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் ஒருவர் தூங்கியாக வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. வார விடுமுறை இருவருக்கும் ஒரே நாளில் வருவது அபூர்வம். வீடும் பல சமயம் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, மொட்டைமாடிக்குப் போக எல்லோருக்கும் பொதுவான படிக்கட்டு, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் செய்து முடித்துப் போட்டோ எடுக்கிற வேலை இந்த வீட்டுக்கு ஒத்து வராது. பாதியில் விட்டுவிட்டுப் போகக்கூடிய வேலைதான் ஒத்து வரும். காலையில் கிளம்பும் முன் அம்மா கொஞ்சம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை கொஞ்சம், தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டே அப்பா கொஞ்சம். மூன்று பேரும் சேர்ந்து உட்கார வாய்க்காவிட்டாலும் வேலை ஒன்றாகவே நடக்கும். தான் தூங்கிக்கொண்டிருந்தபோது மகள் என்ன செய்தாள் என்று அலமாரித் தட்டில் இருக்கும் பொருளைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் அதில் ஒரு வேலை சேர்த்துவிட்டுப் போனால் மாலையில் அவள் அதைக் கண்டுபிடிப்பாள். ஷிஃப்ட் வீடுகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: எப்போதும் ஏதாவது ஒரு கைவேலை உங்கள் வீட்டில் பாதியில் நிற்கட்டும். முடிக்க அவசரப்படாதீர்கள்.

இதைச் சொல்லும்போது செல்போனைத் திட்டும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. அங்கே இருபது வயதில் லைனில் நின்றவர்களில் பலர் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர். இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராகிறது. இந்தப் பாதையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது போன் வேலையால்தான். நான் கேட்பதெல்லாம், அந்த போனைப் பொருத்திய விரல்கள் என்னென்ன செய்ய வல்லவை என்று வீட்டுப் பிள்ளைகளும் பார்க்கட்டுமே என்பதுதான்.

பாதியில் நிற்கும் வேலைக்கு எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமானது காகிதக் கூழ்க் கூடை. நம் பாட்டிமார் செய்ததுதான். பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அது நைந்துவிடும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக முதல் நாள் இரவே ஊற வைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் மையாக ஆட்டுவார்கள். வெந்தயத்தில் இருக்கும் கோந்துதான் பசை. கடைப்பசை ஒரு சொட்டும் வேண்டாம். அதன் கசப்பால் பூச்சியும் அண்டாது என்பார்கள். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்கப் பூசியதும் இதே கூழைத்தான்.

ஆட்டுக்கல் இல்லாதவர்கள் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு அரைக்கலாம். ஒரேயடியாகத் திணித்தால் மோட்டார் சூடாகும். அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழிந்தால் களிமண் பதத்தில் கூழ் கிடைக்கும். ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத் துணியைப் போர்த்தி, கூழை உருட்டி உருட்டி வைத்து உள்ளங்கையால் தட்டிப் பரப்ப வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது வரும். தட்டுகிற சத்தம்கூட மெதுவாகத்தான் இருக்கும், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாது. விளிம்பு மட்டும் மெலிந்து போகாமல் பெரியவர்கள் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு வெயில். முக்கால் பதம் காய்ந்ததும் பாத்திரத்தை உருவிவிட்டு உள்பக்கத்தைக் காய வைத்து, மறுபடி ஒரு பூச்சு, மறுபடி வெயில். ஒரு கூடை முடிய ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். அவசரக்காரர்களுக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு இதுதான் இந்த வேலையின் அருமை. அப்பாவின் ஷிஃப்ட் மாறி அடுத்த வாரமும் வந்துவிடும், கூடை காத்திருக்கும். அச்சு மை கலந்த காகிதம் என்பதால் தின்பண்டம் மட்டும் இதில் வேண்டாம். பென்சில், பொத்தான், தையல் சாமான், விளையாட்டுப் பொருள் எல்லாம் போடலாம்.

காகிதக் கூழை அச்சில் அழுத்தி எடுத்துக் காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை செய்கிறார்கள். பொம்மை செய்கிறவர்கள் இருப்பதால் அங்கே பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. பொம்மையின் முன்பாதி ஓர் அச்சில், பின்பாதி இன்னோர் அச்சில். இரண்டையும் ஒட்டி, வெள்ளை பூசி, தேய்த்து, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுதுவார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம் போய்விடலாம். கொலு வைக்கும் முன் ஒரு லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். பொம்மை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காய வைத்திருக்கும் வெள்ளைப் பொம்மைகளின் வரிசையைப் பார்த்த பிள்ளைக்குத் தன் கூடையின் அருமை தானாகத் தெரியும்.

உங்கள் பக்கத்துப் போர்ஷனில் பீகார்க் குடும்பம் இருக்கிறதா? பீகாரின் மதுபனியைச் சேர்ந்த சுபத்ரா தேவிக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது காகிதக் கூழ் வேலைக்காகத்தான். மதுபனி இருக்கும் மிதிலைப் பக்கத்துப் பெண்கள் சிக்கி என்ற பொன்னிறப் புல்லில் பெட்டியும் முடைவார்கள். நமக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது என்று இரண்டு வீடும் சிரிப்போடு நின்றுவிடுவதை இந்தப் பகுதியில் நிறையப் பார்க்கிறோம். பிள்ளைகள் கூழ் பிசைய உட்கார்ந்தால் அந்த வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். ஒடிசாவோ அசாமோ, எந்த ஊர்க்காரர்களானாலும் கையில் ஒரு வேலையோடு வந்திருப்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர்களுக்குப் பனையோலை இருக்கவே இருக்கிறது. நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தலில் வண்டி செய்து ஓட்டத் தெரியாத அப்பாக்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. ஏரிக்கரைகளில் பனை இன்னும் நிற்கிற ஊர்கள்தான் இவையும்.

இனி அரவிந்த் குப்தா. வண்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டிய பெயர் இது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர். புனேயில் டெல்கோவில், அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸில், லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் போனார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில் குழந்தைகளே செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம் 1972 முதல் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும் வைத்து அவர் பொம்மைகள் செய்யத் தொடங்கியது அங்கேதான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதே அவர் வேலையாகிவிட்டது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அந்தத் தீக்குச்சி வேலையைச் சொல்கிறேன். சைக்கிள் கடையில் வால்வு ட்யூப் கேளுங்கள், சில ரூபாய்தான். விரல் நுனி அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்ட தீக்குச்சியை ட்யூபின் இரண்டு பக்கமும் செருகினால் அது ஒரு மூட்டு. மூன்று குச்சி சேர வேண்டிய இடத்தில் ட்யூபின் நடுவில் முள்ளால் ஓட்டை போட்டு மூன்றாவது குச்சியை நுழைக்க வேண்டும். ஒரகடம் ரோட்டோரம் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. முள் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். இப்போது நான்கு குச்சியில் ஒரு சதுரம் செய்து பிள்ளையிடம் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். சாய்ந்து சப்பையாகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து கொடுங்கள். எந்தப் பக்கம் அமுக்கினாலும் அசையாது. அதோடு விடாதீர்கள். பிள்ளையை வெளியே கூட்டிப் போய் மின்கோபுரத்தைக் காட்டுங்கள், கிரேனைக் காட்டுங்கள், ஷெட்டின் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் காட்டுங்கள். எங்கே பார்த்தாலும் முக்கோணம். இந்தியாவில் வேறு எத்தனை இடத்துப் பிள்ளைகளுக்கு வாசலுக்கு வந்தாலே இவ்வளவு பாடம் கிடைக்கும்?

அப்பா கம்பெனியில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலர் கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். வேலையைச் சொல்லத் தெரியாது. முன்பெல்லாம் வயல் வேலை பிள்ளையின் கண்ணெதிரே நடந்தது, தறியும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தொழிற்சாலை வேலை கேட்டுக்கு உள்ளே நடக்கிறது. குழந்தைக்கு அதைக் காட்ட வழியில்லை. வீட்டில் ஒரு கைவேலை நடந்தால் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கும். பத்துக் குச்சியும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டுமே, என்ன செய்யலாம் என்று பிள்ளை கேட்கும்போது, அட்டையில் ஓர் அளவுகோல் வெட்டி வைத்து, அதில் வைத்து வெட்டு, லைனிலும் இப்படித்தான் ஃபிக்ஸர் வைத்திருப்போம் என்று அப்பா சொல்லலாம். வேலை முடிந்ததும் கத்தரியை அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்லி, தொழிற்சாலை ஒழுங்குமுறையான 5எஸ்ஸை அம்மா கற்றுக் கொடுக்கலாம். ஆயுத பூஜை அன்று புத்தகத்தோடு அந்தக் கத்தரியும் பாதி முடிந்த கூடையும் பூஜைக்கு ஏறட்டும்.

பொருள் சேர்ப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய சிலவும் உண்டு. கேட் பாஸ் இல்லாமல் கம்பெனியிலிருந்து ஓர் ஆணிகூட வெளியே வரக் கூடாது. பிள்ளைக்குத்தானே என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்; வேலைக்கே ஆபத்து. எண்ணெய்த் துணி, இரும்புச் சீவல், கெமிக்கல் வந்த டப்பா, உப்பிய பேட்டரி இவை பழைய இரும்புக் கடையில் சும்மா கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. சரக்கு அடுக்கும் பேலட் மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பேலட்டை வாங்கி ஸ்டூலும் அலமாரியும் அடிக்கிறவர்கள் இங்கே உண்டு. ஏற்றுமதி இறக்குமதிக்குப் போய் வந்த பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் தடுக்க 2002இல் வந்த சர்வதேச விதிப்படி போடும் முத்திரை அது. முத்திரையில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தைச் சூடாக்கிப் பூச்சியை ஒழித்திருக்கிறார்கள், வீட்டில் பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம். பிள்ளைகள் தொடும் பொருளுக்கு அது வேண்டாம். எச்.டி. மரத்தையும் எண்ணெய்க் கறை இருந்தால் விட்டுவிடுங்கள், ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

பிள்ளைகள் இல்லாத வீட்டிலிருந்தும் இதைப் படிக்கிறவர்கள் உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது போன்ற விடுதிகளில் இருக்கும் பெண்களில் பலர் ஊரில் ஏதோ ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அக்கா. அடுத்த லீவுக்குப் போகும்போது ஒரு வால்வு ட்யூபும் இரண்டு தீப்பெட்டியும் வாங்கிப் போங்கள், தங்கச்சி. செய்யத் தொடங்கிவிட்டு, மீதியைச் சின்னவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை போனில் பேச ஒரு விஷயம் இருக்கும்.

கூடை செய்ய நினைப்பவர்கள் செய்தித்தாளை இந்த வாரமே ஊறப் போட்டுவிடுங்கள். புரட்டாசி வெயில் இன்னும் கொஞ்ச நாள்தான். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கூழ் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். மாடி ஈரத்தில் எதையும் வைக்க முடியாது. மழைக்காலத்துக்கு அறைக்குள்ளேயே செய்ய, தீக்குச்சி வேலை இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்