மொழியிழந்தார் என இகழ்வதா?

பள்ளி விடுமுறை தொடங்கினால் தமிழ்ப்பள்ளிகளின் பேருந்துகள் மலாக்காவை நோக்கி விரைகின்றன. மாணவர்கள் டச்சுக்காரர் எழுப்பிய சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். போர்த்துகீசியர் கோட்டையில் எஞ்சிய வாயிலைத் தொட்டுப் பார்க்கின்றனர். செண்டோல் பருகிக் களைப்பாறித் திரும்புகின்றனர். நகரத்தின் நடுவே ஒரு சிற்றூராகவே வாழும் காஜா பேராங் கம்போங் செட்டியைப் பல பேருந்துகள் கடந்து போய்விடுகின்றன. நின்று செல்லும் சிலவற்றிலோ அதனினும் பெருந்தீங்கு நிகழ்கிறது. "தமிழை மறந்தால் இந்த நிலைதான், பாருங்கள்!" என்று அவ்வூர் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கைப் பலகையாகக் காட்டப்படுகிறது. கடந்து போவது அறியாமை; எச்சரிக்கைப் பலகையாக்குவதோ அநீதி.

அவ்வூரை அறிய விரும்புவோர் முதலில் துக்காங் எமாஸ் தெருவில் கால் வைக்க வேண்டும். அங்கே 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் நிற்கிறது. டச்சு ஆட்சியினர் அளித்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் அது. அருகிலேயே 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றிய செங் ஹூன் தெங் சீனர் கோயிலும் உள்ளன. அங்கிருந்து காஜா பேராங்கிற்கு நடந்தே செல்லலாம். ஊருக்குள் நுழைந்தால் 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயம் வரவேற்கும். வீட்டு வாசல்களில் மாவிலைத் தோரணம். உள்ளே சாமி மாடம். பெண்டிர் உடுப்பது சாரோங் கெபாயா. நாவில் தவழ்வது மலாய். பெயரைக் கேட்டால் தமிழ்ப்பெயர். இதைக் கண்டு நகைப்பவர் வரலாற்றைப் படிக்காதவர்.

இவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் நடத்த வந்த நகரத்தார் அல்லர். மலாக்கா சுல்தானியம் செழித்த பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வணிகரின் வழித்தோன்றல்கள். துறைமுகத்தை ஆண்ட நான்கு ஷாபண்டார்களுள் ஒருவரின் பொறுப்பில் அக்கரை வணிகர் இருந்தனர். 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய பின் நைனா சாத்து என்னும் தமிழ் வணிகருக்கே பெண்டஹாரா பதவி அளிக்கப்பட்டது. மலாய்மொழியில் இன்றும் வழங்கும் கெடாய், கப்பால், மோடால் என்னும் சொற்களில் கடையும் கப்பலும் முதலும் ஒலிக்கின்றனவே, அவை இத்தகைய வணிகரின் உறவால் விளைந்தவை அல்லவா?

கடல் கடந்து வந்தவர் பெரும்பாலும் ஆடவர். இங்கேயே மணம் புரிந்தனர். தாயின் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. 1641-இல் டச்சுக்காரர் ஆட்சி வந்தபின் வணிகம் அவர்கள் கைக்குள் சுருங்கியது. தாயகத்தோடு இருந்த தொடர்பும் தளர்ந்தது. தமிழ் கற்பிக்கப் பள்ளி இருந்ததா? மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு பினாங்கில் தொடங்கிய ஆண்டு 1816. அதற்குள் இம்மக்கள் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளைப் பள்ளியின்றி, ஏடின்றி, ஆசிரியரின்றிக் கழித்துவிட்டனர். அவர்கள் தமிழைத் துறக்கவில்லை. தமிழை அவர்களிடம் கொண்டு சேர்க்க எவரும் இல்லை.

இந்நிலையிலும் அவர்கள் காத்தவை எவை? சைவ நெறியைக் காத்தனர். போகியன்று முன்னோர்க்கு வாழையிலையில் உணவு படைக்கின்றனர். பழங்கள் கனியும் காலத்தில் மீண்டும் படைக்கின்றனர். 'பர்ச்சு' என்பது அவ்வழிபாட்டின் பெயர். மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்கின்றனர். சாச்சார் என்றால் அம்மைநோய். நோய்க்கும் அன்னைக்கும் ஒரே பெயரிட்ட தமிழ் மரபு, மலாய்ச் சொல்லை உடுத்திக்கொண்டு அங்கே உயிர்வாழ்கிறது. சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை.

"மொழி போனபின் பண்பாடு ஏது?" என்று சிலர் வினவுவர். மொழியின் அருமையை மறுப்பார் இலர். ஆனால் மொழி மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணுவதும் பிழையே. சரளமாகத் தமிழ் பேசும் இல்லங்களில் கொள்ளுப்பாட்டனின் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இன்னும் சிலர், "தமிழின்றியே அவர்கள் வாழவில்லையா? தமிழ்ப்பள்ளி எதற்கு?" என்று தமக்கு வசதியான பாடத்தை அவ்வூரிலிருந்து எடுத்துக்கொள்வர். அதுவும் திரிபு. மொழி இல்லாத குறையை அவர்கள் கோயிலைச் சூழ்ந்து ஓரூராய்க் கூடி வாழ்ந்து ஈடுசெய்தனர். இளையோர் தொழில் தேடி வெளியேற, நெடுமாடிக் கட்டடங்கள் ஊரை நெருங்க, அந்தக் கூட்டு வாழ்வும் இன்று தளர்கிறது. சிதறி வாழ்வோர்க்கு மொழியையும் பள்ளியையும் விட்டால் வேறு பற்றுக்கோடு ஏது?

பள்ளியே இல்லாதிருந்தவர் மொழியை இழந்ததைக் குற்றம் என்பவர், இரண்டு நூற்றாண்டுகளாகப் பள்ளி இருந்தும் வீட்டில் ஆங்கிலத்தையே புழங்கும் தமிழ்க் குடும்பங்களை என்னென்று அழைப்பர்? தமிழ் கற்பித்தே ஊதியம் பெறுவோரின் இல்லங்கள் சிலவும் இதற்கு விலக்கல்ல. விரலை நீட்டுமுன் வாசலைத் திரும்பிப் பார்த்தல் நன்று.

2008-இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. 2018-இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்கா செட்டிகளுக்கெனத் தனிக் கண்காட்சியே நடத்தியது. உலகம் மதிக்கும் அம்மக்களைத் தமிழ் மாணவன் இகழக் கற்றால், அந்தப் பழி அவனைச் சாராது. அழைத்துச் சென்ற ஆசிரியரையே சாரும்.

ஆதலின் அடுத்த சுற்றுலாவில் பேருந்து காஜா பேராங்கில் நிற்கட்டும். புறப்படுமுன் வகுப்பறையில் வரலாறு சொல்லப்படட்டும். மாணவர்கள் இசைவு பெற்றே பிறர் வாசலை மிதிக்கட்டும்; அங்குள்ள அருங்காட்சியகத்தைக் காணட்டும்; முதியோரை வணங்கி, அவர்கள் பேசும் மலாயிலேயே உரையாடட்டும். பிரிந்துபோன உறவினர் வீட்டிற்குச் செல்வோர் குறை சொல்லச் செல்வதில்லை. நலம் கேட்கவே செல்கின்றனர்.