ஆள் 64, ஓட்டு 66

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது லவிங் கவுண்டி. நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணையான நிர்வாகப் பிரிவு. பரப்பு சுமார் 1,750 சதுர கி.மீ.; தில்லி மாநிலத்தை விடப் பெரிது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை? 64. அமெரிக்காவின் மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகளில் இதுதான் கடைசி.

இவ்வளவு சிறிய ஊரில் சதவீதக் கணக்கு வேடிக்கை காட்டும். 2000இல் 67 பேர், 2010இல் 82. அதாவது 22 சதவீத வளர்ச்சி. 2020இல் 64, அதே 22 சதவீத வீழ்ச்சி. உண்மையில் வந்தவர்கள் 15 பேர், குறைந்தவர்கள் 18 பேர்.

ஊர் என்று சொல்ல மென்டோன் ஒன்றுதான் உண்டு. நீதிமன்றமும் நிர்வாக அலுவலகங்களும் அங்கேதான். பள்ளிக்கூடம் 1970களிலேயே மூடப்பட்டது. பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியில் உள்ள விங்க் ஊருக்குப் போய்ப் படிக்கிறார்கள். குடிநீரே வெளியூரிலிருந்து லாரியில் வந்த காலம் உண்டு. 2000இல் எண்ணியபோது இருந்த வீடுகள் 70. ஆள் குடியிருந்தவை 31 மட்டுமே.

ஏழை ஊரா என்றால், இல்லை. 1920களில் இங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் புதிய தொழில்நுட்பம் வந்த பிறகு, கடந்த பதினைந்து ஆண்டுகளில் கிணறுகள் பெருகின. சாலை நிறைய லாரிகள். தற்காலிக முகாம்களில் தொழிலாளர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கணக்கில் வருவதில்லை. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஒருவரை எண்ண வேண்டும் என்பது விதி. அவர்களின் வீடும் குடும்பமும் வேறெங்கோ இருக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. 2020 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் லவிங்கில் பதிவான ஓட்டுகள் 66. குழந்தைகளையும் சேர்த்து எண்ணிய மக்கள்தொகையை விட இரண்டு அதிகம்! வேறு ஊரில் வாழ்ந்தாலும், 'என் வீடு இங்கேதான், ஒருநாள் திரும்புவேன்' என்று சொல்லி ஓட்டுரிமையை வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. அது செல்லுமா என்ற சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

சண்டைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எண்ணெய்ச் சொத்துகள் மீதான வரியால் கவுண்டியின் கஜானா நிறைகிறது. அதைச் செலவிடும் அதிகாரம் யாருக்கு என்பதை இரண்டு மூன்று ஓட்டுகளே தீர்மானித்துவிடலாம். 2006இல் அரசுக் கட்டுப்பாடுகளை வெறுக்கும் ஒரு குழு, இங்கே குடியேறி நிர்வாகத்தைக் கைப்பற்றத் திட்டமிட்டதும் இந்தக் கணக்கை நம்பித்தான். அது பலிக்கவில்லை.

வேலை செய்கிறவர் எண்ணப்படுவதில்லை. வெளியே வாழ்கிறவர் ஓட்டுப் போடுகிறார். 64 என்ற எண்ணில் தவறில்லை. ஆனால் லவிங்கை நடத்துகிறவர்கள் யார், அதன் செல்வத்தைத் தோண்டி எடுக்கிறவர்கள் யார் என்பது அதில் தெரியாது.