கிரிவலப் பாதைக்கு ஒரு கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கார்த்திகை தீபத்துக்கு இலட்சக்கணக்கில் மக்கள் மலையை வலம் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் பாதை நெடுக அன்னதானம். அதற்கு அனுமதி தரும்போது பிளாஸ்டிக் கூடாது என்று நிர்வாகம் நிபந்தனை விதிக்கிறது. சரியான நிபந்தனை. ஆனால் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக எது நல்லது என்பதைத் தானம் செய்பவரும் கடைக்காரரும் தாங்களாகவே ஊகித்துக்கொள்கிறார்கள். அந்த ஊகத்துக்குப் பதில் முறையான கணக்கு வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பாதையோரம் கிடக்கும் காகிதக் கப் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கிழித்துப் பாருங்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பாலித்தீன் படலம் தனியே உரிந்து வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் நடப்பில் உள்ள தடையில் இந்தப் பூச்சுக் கப்பும் அடக்கம். இருந்தும் காகிதம் என்ற பேரில் அது நடமாடுகிறது.

பிளாஸ்டிக் பைக்கு மாற்றான மஞ்சள் துணிப்பைக்கும் கணக்கு உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமேற்றவும் மின்சாரம் வேண்டும். புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தாலே, ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று 2018இல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு கூறியது. விழாவுக்கு விழா புதுப் பை கொடுத்து, அது வீட்டு அலமாரியில் தூங்கினால் யாருக்கு லாபம்?

அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தவும் முடியாது. டென்மார்க்கில் குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிறார்கள். தெருவில் சிதறும் பையை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. இங்கோ அது சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. நம் நிலவரத்துக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பொருளை மூலப்பொருள் எடுப்பது முதல் குப்பையாவது வரை அளந்து பார்க்கும் இந்த முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969இல் கோக்க கோலா நிறுவனம் தன் பாட்டில்களை ஒப்பிடச் செய்த ஆய்வு இதன் முன்னோடி. இன்று ஐ.எஸ்.ஓ. 14040 என்ற உலகத் தரநிலையே இதற்கு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வேளை சோறு பரிமாறுவதை அலகாக வைத்துக்கொண்டால் கேள்விகள் தெளிவாகும். வாழை இலை எவ்வளவு தூரம் லாரியில் வருகிறது? பாக்கு மட்டைத் தட்டைச் சூடேற்றி அழுத்த எவ்வளவு மின்சாரம்? ஈர்க்கு குத்தித் தைத்த மந்தாரை இலை சாப்பிட்ட பின் உரக்குழிக்குப் போகிறதா, மற்ற குப்பையோடு கலந்துவிடுகிறதா? எவர்சில்வர் டம்ளரைக் கழுவ எவ்வளவு தண்ணீர்? இவற்றுக்கான விடையை இந்தப் பாதையில் நின்றுதான் அளக்க முடியும்.

அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்தில் ஆரணியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. வரும் தீபத் திருவிழாவில் மாணவர்களைக் கொண்டு இந்தத் தரவைத் திரட்டச் செய்யுங்கள். அன்னதான அனுமதிப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: எந்தத் தட்டு, எங்கிருந்து வாங்கியது, எச்சில் இலையை யார் அள்ளுவது. முடிவுகளை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, தானம் செய்வோருக்கும் கடைக்காரர்களுக்கும் கொடுங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. பூச்சுக் கப் விற்கும் மொத்த வியாபாரிகளிடமே தடையை நிறைவேற்றலாம். புதுப் பை வழங்குவதைக் குறைத்து, வீட்டில் இருக்கும் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவரச் சொல்லி விழா அறிவிப்பிலேயே கேட்கலாம்.

அன்னதானம் செய்வோர் நல்ல மனதோடு வருகிறவர்கள். இன்னதில் பரிமாறுங்கள் என்று காரணத்தோடு சொன்னால் கேட்பார்கள். அப்படிச் சொல்வதற்கான ஆதாரத்தைத் திரட்டும் ஆணையை, தீபத்துக்குக் கொடியேறும் முன்பே பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவண்ணாமலைவாசி ஒருவர்