பசிக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., புவியியல்

"மலையும் ஆறும் இருக்கிற இடத்தில்தானே இருக்கின்றன? அவற்றைப் படித்து என்னப்பா செய்யப் போகிறாய்?"

நான் புவியியல் பாடத்தில் சேர்ந்த அன்று என் தந்தையார் கேட்ட கேள்வி இது. கட்டட வேலைக்குச் செல்லும் அவர் கேட்டதில் தவறில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படிப்பென்றால் அதற்கொரு பயன் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணுவது இயல்பே. அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. இன்று ஒரு விடை இருப்பதாக நம்புகிறேன். அது என் தங்கையிடமிருந்து தொடங்குகிறது.

அவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, வாடகை கட்டுப்படியாகாமல் மேற்குத் தாம்பரத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்திற்குக் குடி மாறினோம். பழைய பால்வாடியின் பதிவேட்டில் 'இடம் மாறிவிட்டது' என்று எழுதி அவள் பெயரை அடித்தார்கள். புதிய இடத்தின் பதிவேட்டில் அவள் பெயர் ஏற ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவளை எடை போட்டவர் இல்லை. அவளுக்குச் சத்துமாவும் கிடைக்கவில்லை. யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. பழைய டீச்சர் எழுதியதும் உண்மை. புதிய டீச்சருக்கு நாங்கள் வந்தது தெரியாததும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு குழந்தை விழுந்துவிட்டது.

இன்று எட்டாம் வகுப்பு படிக்கும் அவள், காலை வழிபாட்டின் உயர வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிறாள். அந்த ஓராண்டுதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால், கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் மீட்பது கடினம் என்று படிக்கும்போதெல்லாம் அந்த வரிசைதான் என் கண்முன் வருகிறது.

உணவளிப்பதில் தமிழகம் யாருக்கும் பின்தங்கியதன்று. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று பிறந்தது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளைத் தேடிக் கண்டறிய 2022இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற திட்டமும் வந்தது. அப்படியிருந்தும், 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். இந்திய அளவில் இவை முறையே 35.5, 32.1 விழுக்காடு. ஒப்பிட்டால் நாம் மேல்தான். ஆனால் நான்கில் ஒரு குழந்தை என்பது மார்தட்டிக்கொள்ளும் கணக்கா?

அந்த நான்கில் ஒரு குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறது? இங்குதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு தெருக்கள்; ஒவ்வொன்றிலும் 20 குழந்தைகள். ஒரு தெருவில் 8 பேர் எடை குறைந்தவர்கள். மற்றதில் ஒருவர் மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் 40இல் 9, அதாவது 22.5 விழுக்காடு. பார்ப்பவர், "மாநிலச் சராசரி அளவுதான்" என்று கோப்பை மூடிவிடுவார். எட்டுக் குழந்தைகள் இருக்கும் தெரு அந்தக் கோப்புக்குள் மறைந்துவிடும். எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்பப் படமும் மாறும் என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி.

நம் பகுதியையே பாருங்கள். மேற்சொன்ன ஆய்வு தமிழகத்தை 32 மாவட்டங்களாகக் கொண்டது. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது; எனவே அதில் அதற்குத் தனிக் கணக்கு இல்லை. தாம்பரத்துப் பிள்ளைகளும், பாலாற்றங்கரைச் சிற்றூர்ப் பிள்ளைகளும் காஞ்சிபுரம் என்ற ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டார்கள். ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021இல். ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.வி. சுப்பிரமணியன் உள்ளிட்ட அறிஞர்கள், ஏறக்குறைய ஆறு லட்சம் இந்தியக் கிராமங்களுக்குக் குழந்தை ஊட்டச்சத்துக் குறைபாட்டை மதிப்பிட்டு வரைபடமாக 2021இல் வெளியிட்டனர். அரிய பணி. ஆனால் அது கிராமங்களின் படம். நகரமும் அல்லாமல் கிராமமும் அல்லாமல் வளர்ந்த அனகாபுத்தூர், பம்மல், பெருங்களத்தூர் போன்ற ஊர்களின் தெருக்களை யார் வரைவது?

வரைந்தால் பயன் உண்டா என்று கேட்கலாம். 1854இல் இலண்டன் பிராட் தெருப் பகுதியில் காலரா 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்தார். இறப்புகளைத் தெருப் படத்தில் குறித்தார். அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. அந்தப் பகுதி மக்களை நன்கறிந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியாரும் அவர் ஆய்வுக்குப் பின்னர் வலுச் சேர்த்தார். படம் மட்டும் போதாது, தெருவை அறிந்தவரும் வேண்டும் என்பதே அதன் பாடம். நம் தெருவை அறிந்தவர் பால்வாடி டீச்சரை விட வேறு யார்?

சென்ற கோடை விடுமுறையில் நானும் என் வகுப்பு நண்பர் ஒருவரும் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களை நடந்தே வரைந்தோம். எந்தக் குழந்தையின் எடையையும் கேட்கவில்லை. பால்வாடி, தண்ணீர் வரும் இடம், திறந்த சாக்கடை, வாடகைக் குடியிருப்பு வரிசை இவற்றை மட்டும் குறித்தோம். ஒரு வாடகை வரிசைக்கு மிக அருகிலிருந்த பால்வாடி, அளவுகோலில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இடையே இருப்புப் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் கிடந்தன. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தையோடு மேம்பாலப் படியேறிச் சுற்றிப் போகும் தாய்க்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். பறவை பறக்கும் தூரத்தைத் தாய் நடக்க முடியாதல்லவா? அதே வரிசையை ஒட்டித்தான் சாக்கடையும் ஓடியது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் உண்ட முட்டையும் உடலில் ஒட்டாது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வரைபடம் பசியைத் தீர்க்குமா?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கிறார்கள். தீர்க்காது. ஆனால் சுரைக்காய் எந்த வீட்டில் இல்லை என்பதை அது காட்டும். 2021 முதல் குழந்தைகளின் எடையும் உயரமும் கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன. எண்கள் குவிகின்றன, அவை தெருவாரியாகப் படமானால்தான், புதிய பால்வாடி எங்கே, வடிகால் எங்கே முதலில் என்று முடிவெடுக்க இயலும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இது ஏழ்மையை ஊரறியக் காட்டும் படமாகிவிடக் கூடாது. தேசிய ஆய்வில்கூட, மக்களின் அந்தரங்கம் காக்க, நகரப் புள்ளிகளை இரண்டு கிலோமீட்டர் வரையும் கிராமப் புள்ளிகளைப் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் வரையும் நகர்த்தியே வெளியிடுகிறார்கள். நம் படமும் தெருவோடு நிற்கட்டும்; வீட்டு வாசலுக்குப் போக வேண்டாம்.

நம் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் களப்பயணமாக மலைகளுக்குச் செல்கிறோம், மகிழ்ச்சியே. ஓர் ஆண்டு நம் சுற்றுப்புற வார்டு ஒன்றுக்குச் செல்வோம். உரிய அனுமதியோடும் டீச்சர்களின் துணையோடும், புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் இருக்கும் தெருக்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரைந்து கொடுப்போம். கட்டணமில்லா மென்பொருளும் உண்டு. அதுவும் இல்லையெனில் தாளும் பென்சிலும் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் கைகோக்கலாம். இளைஞர்களாகிய நாம் முன்வருவோமாக!

என் தந்தையாருக்கும் இப்போது விடை சொல்லிவிட்டேன். "மலையும் ஆறும் இருக்கிற இடத்தில்தான் இருக்கின்றன, அப்பா. வாடகை வீட்டுக் குழந்தைகள் அப்படி இல்லையே!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.