தாயைக் கவனித்த கணக்கு

படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்குத் துணையாக ஓர் அம்மாளை அமர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி விசாரிப்பீர்கள்? முன்பு இருந்த வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்பீர்கள். அவள் நல்லவிதமாகச் சொன்னால் சரி. ஏதோ மனஸ்தாபத்தில் ஒரு வார்த்தை கூடக் குறையச் சொல்லிவிட்டாளோ, அந்த அம்மாளின் பிழைப்பு போயிற்று!

அமெரிக்காவில் இந்த விசாரணைக்கு ஒரு பதிவேடே வைத்திருக்கிறார்கள். அங்கே முதியோர் விடுதிகளில் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது எல்லாம் 'நர்ஸிங் அஸிஸ்டெண்ட்'டின் வேலை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்களுக்குப் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம், பிறகு பரீட்சை. தேறியவர்களின் பெயர் அந்தந்த மாநிலப் பதிவேட்டில் ஏறும். வேலைக்கு வைக்கும் விடுதி அதைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், பொதுஜனங்களும் பார்க்கலாம்.

முதியவரை அடித்தாள், கவனியாமல் விட்டாள், பொருளை எடுத்துக்கொண்டாள் என்று விசாரணையில் தீர்மானமானால் அதுவும் அங்கே ஏறும். ஆனால் அவள் மறுத்து எழுதிக் கொடுத்தால், அந்த மறுப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நம் பக்கத்து வீட்டு விசாரணையில் அந்த அம்மாளின் பேச்சை யார் கேட்கிறோம்?

ஆனால், ஸர்ட்டிபிகேட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது. தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலை பார்க்காவிட்டால், மறுபடி பயிற்சி, பரீட்சை, அல்லது பரீட்சை மட்டுமாவது என்று போக வேண்டியதுதான்.

'சம்பளத்துக்கு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தாய் பக்கவாதத்தில் விழுந்தாள் என்று வேலையை விட்டு வீட்டுக்கு வருகிறாள் ஒரு பெண். விடுதியில் செய்த அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறாள். இரவில் இரண்டு முறை எழுந்து தாயைப் புரட்டிவிடுவதும் சேர்த்தி. இரண்டு வருஷம் இப்படிப் போனால் பதிவேட்டில் அதற்குக் கணக்கு பூஜ்யம்! மேற்பார்வைக்கு நர்ஸ் இல்லாத இடத்தில் நடந்ததைச் சர்க்கார் எப்படி ஒப்புக்கொள்ளும் என்பீர்கள். வாஸ்தவம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. பல மாநிலங்களில், அந்த இரண்டு ஆண்டுக்குள் 8 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தாலே போதும். தங்கையை ஒரு நாள் தாயின் அருகில் உட்கார வைத்துவிட்டுப் போய் வரலாம். கலிபோர்னியாவில் இத்துடன் விடாது: புதுப்பிக்க இரண்டு ஆண்டில் 48 மணி நேர வகுப்பும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் 12 மணிக்குக் குறையக் கூடாது. முதல் ஆண்டு சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் ஓடினால் நடக்காது.

உங்கள் உறவுப் பெண் யாராவது அங்கே இந்த வேலையில் இருக்கிறாளா? அடுத்த தடவை பேசும்போது, "கெடு என்றைக்கு? வீடு மாறினாயே, புது விலாசத்தை ஆபீசுக்குத் தெரிவித்தாயா?" என்று கேட்டுவிடுங்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் தபால் பழைய வீட்டு வாசலில் கிடக்கப்போகிறது.