தோற்கும் அணி யாருக்குச் சொந்தம்?

பல்கலைக்கழகமொன்றின் விளையாட்டணி தொடர்ந்து தோற்கும்போது அதன் இரசிகர்கள் கொள்ளும் சினத்தை அறிவுடையோர் பொருட்படுத்துவதில்லை. ஆட்டமொன்றின் வெற்றி தோல்வியிலே மனத்தைப் பறிகொடுத்தல் முதிர்ச்சியின்மையின் அடையாளம் என்பது அவர்தம் எண்ணம். நிருவாகிகளோ அச்சினம் தானாக ஓயும்வரை காத்திருப்பர். ஓயாவிடின் பயிற்றுநர் ஒருவரைப் பலியிட்டு அதனை அடக்க முயல்வர். இவ்விரு போக்குகளும் தவறானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். தோற்கும் அணியைக் குறித்து முறையிடுகின்ற இரசிகன் அவ்வணியின் உரிமையாளருள் ஒருவன். தன் பெயரால் நடத்தும் காரியமொன்றுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்புச் சொல்லவேண்டும் என்னும் நியாயமான கோரிக்கையே அவனது முறையீடாக வெளிப்படுகின்றது.

இதனை நிறுவுதற்கு அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியை, சிறப்பாக அலாஸ்கா மாநிலத்தின் அங்கரேஜ் நகரிலுள்ள பல்கலைக்கழக அணியின் கதையை, எடுத்துக்கொள்கின்றேன். ஹொக்கி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது புற்றரையும் பந்துமாகும். வட அமெரிக்காவிலோ அச்சொல், பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்குக்காலணி அணிந்த அணிக்கு அறுவர், தட்டையான இறப்பர் வில்லையொன்றைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டத்தையே பெரும்பாலும் குறிக்கும். முதற்பிரிவில் அதனை ஆடும் ஆடவர் கல்லூரி அணிகள் ஏறத்தாழ அறுபது மட்டுமே. நீண்ட பனிக்காலத்தையுடைய அலாஸ்காவில் இவ்வாட்டம் ஊர்மக்களின் வாழ்வோடு ஒன்றியது. அங்கரேஜ் அணிக்கும், அதே மாநிலத்தின் பெயார்பாங்ஸ் நகரப் பல்கலைக்கழக அணிக்கும் இடையே ஆண்டுதோறும் ஆளுநர் கிண்ணத்துக்கான போட்டி நடைபெறுவது வழக்கம்.

இவ்வணிக்கு நல்ல காலமும் இருந்தது. 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அது தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தகுதிபெற்றது. 1991இல், பெரும் புகழ்வாய்ந்த பொஸ்ரன் கல்லூரி அணியை அதன் சொந்தத் தளத்திலேயே இருமுறை அடுத்தடுத்து வென்று வெளியேற்றியது. நாட்டின் ஒரு மூலையிலிருந்து நெடுந்தொலைவு பறந்துசென்ற சிறிய அணி பெற்ற அவ்வெற்றியை அந்நகரத்தார் மறக்கவில்லை. அவர்கள் பின்னர் கொண்ட சினத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்நினைவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஒருகால் இயன்றது மறுபடியும் ஏன் இயலாது என்ற வினாவிலேதான் இரசிகனின் மனக்குறை பிறக்கின்றது.

இனி வீழ்ச்சியைக் காண்போம். 2017-18 பருவத்தில் அவ்வணி வென்ற ஆட்டங்கள் 4, தோற்றவை 26. அடுத்த பருவத்தில் வென்றவை 3, தோற்றவை 28. அதற்கடுத்த 2019-20 பருவத்தில் வென்றவை 4, தோற்றவை 25. சமநிலையில் முடிந்த 14 ஆட்டங்களையும் சேர்த்து, மூன்று பருவங்களில் ஆடிய 104 ஆட்டங்களுள் வெற்றியில் முடிந்தவை பதினொன்றே. நுழைவுச்சீட்டுக்குப் பணங்கொடுத்து, குளிரிலே வண்டியோட்டி வந்து, ஏறத்தாழப் பத்தில் ஒரு முறை மட்டுமே வென்ற அணிக்காகக் குரலெழுப்பிய ஒருவன் ஈற்றில் அதே குரலால் முறையிடத் தொடங்கினால், அதனை இழிகுணம் என்று எவ்வாறு கூறமுடியும்? ஆறுமாதம் பொறுத்தவன் முறையிட்டால் அவசரக்காரன் எனலாம். ஆண்டுக்கணக்காகப் பொறுத்தவனை அவ்வாறு கூறுதல் தகாது.

இத்தகைய வேளைகளில் எங்கும் கையாளப்படும் மருந்து பயிற்றுநர் நீக்கமாகும். அங்கரேஜிலும் அது நிகழ்ந்தது. 2013இல் இரசிகரின் எதிர்ப்பு முற்றியபோது பயிற்றுநர் நீக்கப்பட்டார். அதே ஆண்டில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் பதவியிழந்தார். புதிய பயிற்றுநரின் முதற்பருவத்தில் 18 வெற்றிகளும் 16 தோல்விகளும் 4 சமநிலைகளும் கிடைத்தன. நோய் தீர்ந்தது என்று யாவரும் நம்பினர். ஆயின், அடுத்த ஆறு பருவங்களுள் ஒன்றிலேனும் வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. 2018இல் மறுபடியும் பயிற்றுநர் மாறினார், தோல்வி மாறவில்லை. ஓர் ஆளை மாற்றுவதாற் பெறும் ஊக்கம் ஒரு பருவத்துக்குப் போதும். அணியைத் தாங்கும் நிலைமைகள் மாறாதவிடத்து அவ்வூக்கம் விரைவில் வற்றிவிடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அந்நிலைமைகள் யாவை? முதலாவது தூரம். ஏனைய மாநிலங்களிலுள்ள எதிரணிகளைச் சந்திக்க அலாஸ்கா அணிகள் விமானத்திலேயே செல்லவேண்டும்; எதிரணிகளும் அவ்வாறே வரவேண்டும். இரண்டாவது பணம். எண்ணெய் வருமானத்தில் பெரிதும் தங்கியிருந்த மாநில அரசு, அவ்வருமானம் குன்றியபோது பல்கலைக்கழகத்தின் மீது கைவைத்தது. 2019இல் மாநில ஆளுநர் பெருந்தொகையொன்றை வெட்டினார். எதிர்ப்பு எழுந்தபின், மூன்றாண்டுகளில் 70 மில்லியன் டொலரைக் குறைப்பதென்று உடன்பாடாயிற்று. மூன்றாவது அரங்கு. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய நகர அரங்கிலே ஆடிவந்த அணி, 2019இல் சிக்கனத்தின் பெயரால் வளாகத்தினுள்ளே ஆயிரம் பேர்க்கும் இடமில்லாத சிறு தளத்துக்கு மாற்றப்பட்டது. நான்காவது துணையின்மை. அதே 2019இல், அவ்வணி ஆடிய பத்து அணிக் கூட்டமைப்பிலிருந்து ஏழு அணிகள் தாம் விலகவிருப்பதாக அறிவித்தன. எஞ்சியவை அலாஸ்காவின் இரு அணிகளும் தொலைதூர அலபாமாவின் ஹன்ஸ்வில் அணியுமே. இந்நான்கினுள் எதனைப் பயிற்றுநர் ஒருவர் திருத்தமுடியும்?

செல்வம் படைத்த பல்கலைக்கழகமொன்றோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். ஆறு முறை தேசிய வாகை சூடிய விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணி, 2014-15 பருவத்தில் 35 ஆட்டங்களுள் நான்கை மட்டுமே வென்றது. அதன் பேரரங்கிலே வெற்று ஆசனங்கள் பெருகின. 2016இல் பயிற்றுநர் நீக்கப்பட்டார். அவருக்குப்பின் வந்தவரும் 2023இல் நீக்கப்பட்டார். எனினும், அணியையே கலைத்துவிடலாம் என்ற பேச்சு அங்கு வலுப்பெறவில்லை. செல்வம் மிக்க இடத்தில் வெற்று ஆசனம் சீர்திருத்தத்தைக் கோரும் சாட்சியாகின்றது. வறிய இடத்திலோ அதே வெற்று ஆசனம் அணியைக் கொல்வதற்கான சாட்சியாகக் கொள்ளப்படுகின்றது. இரசிகனின் செயல் இரண்டிடத்திலும் ஒன்றே. அதற்கு வழங்கப்படும் தீர்ப்புத்தான் வேறு. ஆதலின், ‘மக்களுக்கு அக்கறையில்லை, ஆகவே நிறுத்துகிறோம்’ என்று கூறுவோரின் சொல்லை அப்படியே ஏற்றல் ஆகாது. மக்கள் வரமுடியாத சிறுதளத்துக்கு அணியை அனுப்பிவிட்டு, மக்கள் வரவில்லையே என்று கணக்குக் காட்டுதல் நேர்மையாகுமா?

அங்கரேஜில் அத்தீர்ப்பு 2020இல் வந்தது. ஹொக்கியையும் வேறு சில விளையாட்டுகளையும் நீக்கும் முடிவை அவ்வாண்டு ஆகஸ்டில் நிருவாகம் முன்வைத்தது. செப்ரெம்பரில் பல்கலைக்கழக ஆட்சிச் சபை அதற்கு இணங்கியது. ஈராண்டுச் செலவுக்கான மூன்று மில்லியன் டொலரைத் திரட்டினால் ஹொக்கி அணியை மீட்கலாம் என்றொரு வாயில் மட்டும் திறந்துவைக்கப்பட்டது. தொற்றுநோய்க் காலமாதலின் 2020-21 பருவமும் ஆடப்படாமலே கழிந்தது. ஆட்டக்காரர் வேறிடம் நாடினர். ஆட்டமும் இல்லை, ஆட்டக்காரரும் இல்லை, காட்டுவதற்கு அண்மைய வெற்றியும் இல்லை. இந்நிலையிலுள்ள அணியொன்றுக்கு யார் பணங்கொடுப்பர்?

கொடுத்தனர். முன்னாள் ஆட்டக்காரரும் ஊரவரும் சேர்ந்து முயன்றனர். 2021 ஆகஸ்ட் முடிவுக்குள் மூன்று மில்லியன் டொலரும் பணமாகவும் வாக்குறுதியாகவும் சேர்ந்துவிட்டன. 2022-23 பருவத்தில் அணி மறுபடியும் பனித்தளத்தில் இறங்கிற்று. மூன்று பருவங்களில் பதினொரு முறை மட்டுமே வென்ற அணியை உயிர்ப்பித்தோர் அதன் தோல்விகளைக் கண்டு சலித்த அதே நகரத்து மக்களே. சினமும் அன்பும் முரண்பட்டவை எனக் கருதுவோர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு விளக்குவர்? அன்பற்றவனுக்குச் சினம் வருவதில்லை. அவன் வேறு பொழுதுபோக்கை நாடிச் செல்வான். முறையிடுபவன் இன்னும் உள்ளே இருக்கின்றான் என்பதே முறையீட்டின் பொருள்.

ஹன்ஸ்வில்லின் கதை இதன் மறுபக்கத்தைக் காட்டும். அவ்வணியை நிறுத்துவதாக 2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டபோது, ஆதரவாளர் சில நாட்களுள் ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் திரட்டி அதனை மீட்டனர். ஆயினும், சேர்ந்தாடுவதற்குக் கூட்டமைப்பொன்று கிடைக்காமையால் 2021 மேயில் அணி இடைநிறுத்தப்பட்டது. இரசிகரின் பணம் மட்டும் அணியைக் காப்பதற்குப் போதாது. நிறுவனங்கள் தம் கடமையைச் செய்யாதவிடத்து மக்களின் தியாகம் வீணாகும் என்பதை ஹன்ஸ்வில் உணர்த்துகின்றது.

இங்கு எழக்கூடிய வலிய மறுப்பொன்றுண்டு. நூலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் பணமில்லாத வேளையில் விளையாட்டுக்கு ஏன் செலவிடவேண்டும் என்று கேட்கலாம். இவ்வினாவை நான் இகழவில்லை. விரிவுரையாளர் வேலையிழக்கும் பல்கலைக்கழகத்தில் அணியொன்று மட்டும் தீண்டப்படாது நிற்றல் வேண்டுமென வாதிப்பதும் என் நோக்கமன்று. ஆனால், இவ்வினாவை நேர்மையாகக் கேட்பதற்கு ஒரு முறையுண்டு. செலவைத் தாங்கமுடியவில்லையாயின் அதனைத் தொடக்கத்திலேயே மாணாக்கர்க்கும் ஊரவர்க்கும் கணக்கோடு எடுத்துக்கூறி, எதனைக் காப்பது எதனைக் கைவிடுவது என்று அவர்களோடு கலந்து தீர்மானிக்கலாம். அவ்வாறு செய்யாது, ஆண்டுக்காண்டு அணியை மெலியவிட்டு, அது மெலிந்துவிட்டதே என்று காரணங்காட்டி நீக்குதல் சிக்கனமாகாது. அது பொறுப்பைத் தட்டிக்கழித்தலாகும். இன்று ஹொக்கிக்குக் கையாளப்படும் இம்முறை நாளை மாணாக்கர் தொகை குறைந்த மொழித்துறைக்கும் மெய்யியற்றுறைக்கும் கையாளப்படலாம் என்பதை, விளையாட்டை வெறுக்கும் அறிஞர்களும் எண்ணிப்பார்த்தல் நன்று.

இரசிகரை வாதாடிக் காக்கும் இக்கட்டுரை அவர்தம் குற்றத்தை மறைத்தல் கூடாது. அவர்களின் சினம் பலகால் தவறான இலக்கையே தாக்குகின்றது. கோல் தவறவிட்ட இளைஞனைப் பெயர்சொல்லி இழித்துரைப்போர் எல்லா அரங்குகளிலும் உளர். இவ்வீழ்ச்சிக் காலத்தில் ஆடிய அம்மாணாக்கர் புலமைப்பரிசிலன்றிச் சம்பளம் பெறாதவர்கள். வாரவிறுதியில் தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குச் செல்லவேண்டியவர்கள். வெல்லமாட்டோம் என்பது ஏறத்தாழத் தெரிந்தும் 104 ஆட்டங்களுக்கும் சறுக்குக்காலணியை இறுக்கிக் கட்டியவர்களிடம் குறைந்திருந்தது உழைப்பன்று. அவர்களை ஏசுபவன் தன் அணியையே ஏசுகின்றான். அவன் வினவவேண்டிய இடம் ஆட்டக்காரர் அறையன்று. வரவு செலவுத் திட்டம் தீர்மானிக்கப்படும் அறையாகும். ‘பயிற்றுநரை நீக்கு’ என்ற கோஷம் எழுப்புதற்கு இலகுவானது. ‘கணக்கைக் காட்டு’ என்ற கோஷம் எழுப்புதற்குக் கடினமானது. நிருவாகிகள் அஞ்சுவதும் அதற்கே.

ஆதலின், சினத்தை விடுமாறு இரசிகரிடம் நான் கேட்கவில்லை. அதற்குக் கல்வியூட்டுமாறே கேட்கின்றேன். பயணச் செலவு எவ்வளவு, புலமைப்பரிசில் எத்தனை பேர்க்கு, அரங்கை மாற்றியதால் மிஞ்சியது என்ன, இழந்தது என்ன, அடுத்த ஐந்தாண்டுக்கான எண்ணம் யாது என்பவற்றை வினவுதல் அவர் உரிமை. விடையளித்தல் பல்கலைக்கழகத்தின் கடமை. விடை கசப்பானதாயினும் ஊரவர் தாங்கிக்கொள்வர் என்பதை அங்கரேஜ் மெய்ப்பித்துள்ளது. அவர்களாற் பொறுக்கமுடியாதது தம்மை ஒரு பொருட்டாக மதிக்காமையே.

மீண்டுவந்த அங்கரேஜ் அணி கூட்டமைப்பெதனையும் சாராது தனித்து ஆடிற்று. திரும்பிய முதற்பருவத்திலும் வெற்றிகளை விடத் தோல்விகளே கூடுதலாயிருந்தன. இரசிகர் மறுபடியும் முறையிட்டிருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. முறையிடட்டும். பனித்தளத்தை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட எல்லாம் ஆயத்தமாயிருந்த வேளையில், பையில் இருந்ததை எடுத்து வைத்தவர்கள் அவர்கள். தோற்கும் அணி யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு அந்த மூன்று மில்லியன் டொலரிலே விடையுண்டு. அவ்விடையைக் கண்டபின்னும் அவர்களை வாயடக்குமாறு கூறுவோர், அணியின் வெற்றியை மட்டுமன்றி அதன் உயிரையும் மதியாதோரேயாவர்.