கையைப் பார்த்துப் பிள்ளையைத் தெரிவு செய்யாதீர்கள்

பின்னேரங்களில் எங்கள் ஊர் மைதானத்தில் பொடியன்கள் பந்தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலியோரம் நிற்கும் பெரியவர்கள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "ஓங்கி அடி மகன்!" பாடசாலையில் விளையாட்டைப் பொறுப்பெடுத்த நாங்களும் பல வருடமாக அதையேதான் கத்தினோம். எல்லே அணிக்கும் பேஸ்போல் அணிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது கையைத்தான் பார்த்தோம். புஜம் உருண்டு நின்றால் "நீ வா". மெலிந்த பிள்ளை என்றால் "நீ ஸ்கோர் எழுது". அது பிழை. இதை ஊரறியச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பேஸ்போல் அடி கையில் தொடங்குவதில்லை, பாதத்தில் தொடங்குகிறது.

களப்பில் வீச்சு வலை எறிகிறவரைக் கவனியுங்கள். முதலில் பாரம் முழுவதையும் பின்காலில் வாங்கிக்கொள்வார். பிறகு முன்கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், அதற்குப் பிறகுதான் கை விரியும். வலை கடைசியாகத்தான் போகும். கையால் மட்டும் எறிந்தால் வலை விரியாது, பொத்தென்று விழும். மட்டையும் அப்படித்தான். வலக்கைக்காரப் பிள்ளை என்றால் பாரம் முதலில் வலது காலில் இருக்கும். பந்து வரும் நேரம் இடது கால் சின்னதாக ஓர் அடி முன்னால் போகும். அந்தப் பாதம் தரையில் பதிந்ததும் இடுப்பு பந்தெறிபவனை நோக்கித் திறக்கத் தொடங்க வேண்டும். ஆனால் தோளும் கையும் இன்னும் பின்னால்தான் இருக்க வேண்டும். இடுப்பு முன்னே, தோள் பின்னே என்று உடம்பு முறுகி நிற்கிற அந்தக் கண நேரத்தில்தான் அடியின் பலமே இருக்கிறது. பிறகு முன்கால் நிமிர்ந்து இறுகி ஒரு தூண் மாதிரித் தடுக்கும். இடுப்பு அதில் மோதி நிற்க, அதன் வேகம் வயிற்றுக்கும் தோளுக்கும் கைக்கும் ஏறி, கடைசியில் மட்டையின் நுனிக்குப் போகும். சாட்டை சொடுக்குவது போலத்தான்.

எங்கள் பிள்ளைகள் செய்கிற பெரிய பிழை, இடுப்பையும் தோளையும் ஒன்றாகத் திருப்புவது. கதவு திறந்த மாதிரி உடம்பு மொத்தமாகத் திறந்துவிடும். பிறகு மட்டையைத் தள்ள கை மட்டும்தான் மிச்சம். அடுத்தது முன்முழங்கால் மடிந்து போவது. அதில் உடம்பே பந்தை நோக்கிச் சரியும், தலையும் கூடப் போகும், கண் பந்தை விட்டுவிடும். பேஸ்போலில் பந்தெறியும் இடத்திலிருந்து அடிக்கும் இடத்துக்கு 18.44 மீற்றர்தான். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய 0.4 செக்கனில் வந்து சேர்ந்துவிடும். இதற்குள் தலை ஆடினால் எந்தப் புஜமும் உதவாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1941இல் 0.406 என்ற சராசரியோடு பருவத்தை முடித்த டெட் வில்லியம்ஸ், 'த சயன்ஸ் ஒஃப் ஹிட்டிங்' என்ற புத்தகத்தில் இடுப்புத்தான் கையை இழுத்துப் போகிறது என்பதை வலியுறுத்தி எழுதினார். ஜப்பானின் சதஹரு ஓ 1961இல் அடித்த ஹோம் ரன்கள் 13. அடுத்த வருடம் பயிற்றுநர் அரக்காவாவின் சொல் கேட்டு, முன்காலைத் தூக்கி ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று அடிக்கத் தொடங்கினார். 1962இல் 38. ஓய்வு பெறும்போது 868. மாறியது அவர் காலும் நிதானமும்தான். ஹோசே அல்துவே ஐந்தரை அடி மனிதர். 2017இல் 24 ஹோம் ரன்கள் அடித்து, அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் எடுத்தார். எங்களிடம் வந்திருந்தால் அவருக்கும் ஸ்கோர் புத்தகம்தான் கொடுத்திருப்போம்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பிள்ளையையும் காலைத் தூக்கச் சொல்லிவிடாதீர்கள். ஷோஹெய் ஒஹ்தானி 2018இல் அமெரிக்கா போனபோது காலைத் தூக்கி அடித்துச் சரிவரவில்லை. தூக்குவதை விட்டு முன்பாதத்தை இலேசாகத் தட்டி வைக்கத் தொடங்கினார். அந்த வருடம் 22 ஹோம் ரன்கள். கால் எவ்வளவு உயருகிறது என்பதல்ல, எப்போது பதிகிறது என்பதே கணக்கு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வாப்பாமார் கோபிக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பழக்கும்போது 'இடுப்பு' என்ற சொல்லையே எங்களால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. காலை அகட்டி நில் என்று சொல்லவும் கூச்சம். அதனால் கையை மட்டும் பழக்கினோம். பிறகு "பெட்டைப் பிள்ளைகளுக்குப் பலம் போதாது" என்று நாங்களே தீர்ப்பும் சொன்னோம். காலைக் கட்டிவிட்டுக் கையால் அடிக்கச் சொன்னது நாங்கள்தானே? இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உள்ளே தளர்வான ட்ரக் காற்சட்டை, தனியான நேரம், பழக்குவதற்கு ஓர் ஆசிரியை. இவ்வளவும் இருந்தால் பிள்ளை கூச்சமில்லாமல் நின்று திரும்பும்.

எல்லேயில் பந்தைப் போட்டுக் கொடுப்பது எங்கள் அணிப் பிள்ளைதான். பந்து இதமாக வரும். காலையும் இடுப்பையும் பழக அதைவிட நல்ல இடம் வேறில்லை. அதில் பழகிய உடம்பு பேஸ்போலுக்கும் உதவும். ஹோமாகமவுக்குப் பக்கத்தில், தியகமவில், ஜப்பான் உதவியோடு கட்டிய பேஸ்போல் மைதானம் 2012இலிருந்து இருக்கிறது. அங்கே ஒரு நாள் எங்கள் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கையை அளந்து பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த ஆசையைப் பேசுவதில் அர்த்தமில்லை.

வருகிற சனிக்கிழமை காலை திரும்பவும் தெரிவு வைக்கிறோம். போன தடவை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்புங்கள். புஜம் பார்க்கமாட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் பந்து கொடுத்து, பாதம் எப்படிப் பதிகிறது, பின்குதி எழும்பித் திரும்புகிறதா என்று பார்ப்போம். தொங்கவிட்டு அடித்துப் பழகப் பழைய டயர்கள் நாலைந்து தேவை. முச்சக்கர வண்டி டயர் என்றாலும் பரவாயில்லை. வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டு வந்து தாருங்கள்.